மூன்று வரி அக்கா

எங்கள் மருத்துவமனையில் ஆண்டுக்கொரு முறை ஒரு மஞ்சள் படிவம் வரும். பெயர், பிரிவு, பணியில் சேர்ந்த தேதி எல்லாம் அச்சடித்தே வந்துவிடும். நாம் நிரப்ப வேண்டியது ஒரே ஒரு கேள்வி: ‘இந்த ஆண்டில் நீங்கள் செய்த குறிப்பிடத்தக்க பணி.’ கீழே மூன்று கோடுகள். பார்த்தால் சின்ன விஷயம்தான். ஆனால் முப்பது படுக்கை உள்ள வார்டைத் தனியாளாகச் சமாளிக்கிறவர்கள்கூட அந்த மூன்று கோட்டுக்கு முன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பதவி உயர்வுக்கு ஆள் எடுக்கும்போது தேர்வுக்குழு முதலில் புரட்டுவது அந்தப் படிவங்களைத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கை ஓடாது.

கை ஓடாதவர்கள் லிஃப்டில் ஏறி அடித்தளத்துக்குப் போவார்கள். நோயாளிகளின் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் பதிவறை அங்கேதான் இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டிக் குழாய்கள் ஓடும். தரையிலிருந்து கைக்கெட்டாத உயரம் வரை இரும்பு அலமாரிகள், இடையில் ஒரு தள்ளுவண்டி மட்டும் போகிற சந்து. அந்தச் சந்துகளின் முடிவில், ஒரு குழல்விளக்கின் கீழே, மூன்று வரி அக்கா உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெயர் யார் வைத்தது என்று தெரியாது. படிவத்தின் மூன்று வரியை எழுதிக் கொடுப்பதால் ஒட்டிக்கொண்டது. நான் சொல்லப்போகிற சமயத்தில் அவருக்கு வயது நாற்பத்தாறு. நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணா என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டு இருபது வருடம் ஓட்டிவிட்டோம். எனக்கு வேலை எக்ஸ்ரே பிரிவின் ஃபிலிம் கிடங்கில்.

வருகிறவரிடம் அவர் ‘என்ன சாதித்தீர்கள்’ என்று கேட்க மாட்டார். கேட்டால் ஆள் எழுந்து ஓடிவிடுவான். “போன வருஷம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த நாள் எது?” என்று கேட்பார். கஷ்டத்தைச் சொல்ல யாருக்குத்தான் ஆசையில்லை? அவர்கள் புலம்பத் தொடங்குவார்கள். அக்கா கோப்புகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் எங்கோ ஓரிடத்தில் கையை நிறுத்துவார். நிறுத்தினால் சரக்கு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

லிஃப்ட்காரர் ஒருமுறை வந்து, நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை பொத்தானை அமுக்குகிறேன், இதில் எழுத என்ன இருக்கிறது என்று தலையைச் சொறிந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அக்கா. முழுசாக உள்ளே வருகிறவரை கதவில் காலை வைத்துக்கொள்வேன், அந்தக் கதவை நம்ப முடியாது, பாதங்கூட வீங்கியிருக்கிறது பாருங்கள் என்று செருப்பைக் கழற்றிக் காட்டினார். அக்கா ஒரு துண்டுத் தாளில் எழுதினார்: ‘ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட லிஃப்டின் கதவு நோயாளியின் ஸ்ட்ரெச்சரில் இடித்ததில்லை. தானியங்கிக் கதவின் குறையை என் நேரடிக் கவனத்தால் ஈடுசெய்து வருகிறேன்.’ லிஃப்ட்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இது நான்தானா என்று கேட்டார். அந்த வருடமே கதவையும் பழுது பார்த்தார்கள், அவரையும் நிரந்தரமாக்கினார்கள்.

பணியாளர் தாமே, தம் கையெழுத்திலேயே நிரப்ப வேண்டும் என்று படிவத்தின் அடியில் ஒரு விதி உண்டு. அதனால் அக்கா துண்டுத் தாளில் எழுதித் தருவார், நாங்கள் பார்த்து எழுதிக்கொள்வோம். துண்டுத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். பொய் எழுத மாட்டார். அது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட விதி.

சிக்கல் எங்கே வந்ததென்றால், எவ்வளவு புலம்பினாலும் ஒன்றுமே தேறாத ஆட்களும் உண்டு. வருவார்கள், வேலையைப் பார்ப்பார்கள், போவார்கள். அப்படிப்பட்டவர்களை வெறுங்கையோடு அனுப்ப அக்காவுக்கு மனம் வராது. தான் செய்த வேலைகளில் இந்த ஆள் எதிலாவது கை வைத்திருக்கிறானா என்று யோசித்துப் பார்ப்பார். வைத்திருந்தால், அதைத் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிடுவார். ஒரு கரண்டி சர்க்கரை இரவல் கொடுப்பது போலக் கொடுத்தார். இரவல் வாங்கினவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் நானும் ஒருவன், அதை மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவறைக் கூரையில் ஒருநாள் குழாய் வெடித்து, நானூறு கோப்புகள் நனைந்து ஊறிப்போயின. எல்லாம் போயிற்று, குப்பையில் கொட்டுங்கள் என்றார் அப்போதைய பதிவறைக் கண்காணிப்பாளர். அக்கா விடவில்லை. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையில் உறிஞ்சுதாள் வைத்து, எங்கள் கிடங்கில் சும்மா கிடந்த பழைய ஃபிலிம் உலர்த்தும் அறையில் அடுக்கி, மூன்று நாளில் முக்கால்வாசியைக் காப்பாற்றிவிட்டார். நான் செய்தது அந்த அறையின் பூட்டைத் திறந்துவிட்டது. அந்த வருடம் என் மஞ்சள் படிவத்தில் இருந்தது இது: ‘நீரில் நனைந்த நானூறு கோப்புகளை, பயன்படாமல் இருந்த உலர்த்தும் அறையைக் கொண்டு மீட்கும் பணியை மேற்கொண்டேன்.’ அடுத்த வருடம் நான் கிடங்கின் பொறுப்பாளர் ஆனேன்.

இன்னொருவர் பென்சில். பதிவறையில் அக்காவுக்கு அடுத்த எழுத்தர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், சட்டைப்பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. வாய் பேசாத, வம்புக்குப் போகாத மனிதர். முன்பெல்லாம் ஒரு கோப்பு இடம் மாறிவிட்டால் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை மருத்துவரும் நோயாளியும் மேலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோப்பு எண்ணின் கடைசி இலக்கத்துக்கு ஒரு நிறம் என்று பத்து நிறம் வைத்து, கோப்பின் முதுகில் பட்டை ஒட்டிவிட்டால், பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு நின்றாலும் வாசலிலிருந்தே தெரிந்துவிடும் என்று கண்டுபிடித்தவர் அக்கா. மின்சாரப் பிரிவில் மிச்சமிருந்த வண்ண டேப்பை வாங்கி வந்து ஓர் அலமாரிக்கு ஒட்டிக் காட்டினார். பிறகு எல்லா அலமாரிக்கும் நான்கு மாதம் உட்கார்ந்து ஒட்டியவர் பென்சில். அந்த வருடம் படிவம் வந்தபோது, ‘வண்ணப்பட்டை முறையைப் பதிவறையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தேன்’ என்று அவருக்கு எழுதிக் கொடுத்தார். இது உங்கள் யோசனையாயிற்றே என்று பென்சில் தயங்கினாராம். ஒட்டினது நீங்கள்தானே, எழுதுங்கள் என்று அக்கா அதட்டிவிட்டார்.

சரி, அக்கா தன் படிவத்தில் என்ன எழுதுவார்? எல்லோருக்கும் எழுதி முடித்துக் கடைசி நாளில் தன்னுடையதை எடுப்பார். ‘ஒதுக்கப்பட்ட பணிகளைச் செய்தேன்.’ ஒரே வரி. மீதி இரண்டு கோடும் காலி. பதினோரு வருடமாக அதே வரி.

கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். இடம் காலியானது. அக்காவுக்கு அந்தப் பதவி வேண்டும். பெருந்தன்மையானவர், பதவியெல்லாம் பெரிதாக நினைக்க மாட்டார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி நினைப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. பதிவறையின் சாவி கண்காணிப்பாளரிடம்தான் இருக்கும். அக்கா தினமும் ஏழரை மணிக்கே வந்து, அவர் எட்டே காலுக்கு வரும்வரை பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பார். பழைய கோப்பின் நகல் கேட்டு வருகிற சொந்தக்காரர்கள் நடைவழியில் நிற்காமல் உட்கார ஒரு பெஞ்சு போடுங்கள், கதவில் ஒரு சின்னச் சாளரம் வையுங்கள் என்று ஆறு முறை எழுதிக் கொடுத்தார், ஆறும் கையெழுத்தாகாமல் கிடந்தது. அந்தச் சாவியும் அந்தக் கையெழுத்தும் தன்னிடம் வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டே பேர், அக்காவும் பென்சிலும். பென்சிலின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் அக்காதான். கேட்டாராம், கொடுத்தாராம். இதைக் கேட்டு அக்காவின் மகள் கொதித்துப்போனாள்.

மகள் கைபேசி விற்கும் கடையில் இருந்தாள். எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, எந்த இடத்தில் புன்னகைப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தேர்வுக்குழுவின் முன்னால் பத்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்று கடிதம் வந்ததும் அம்மாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கருநீலத்தில் ஓர் உடை, லேசாகக் குதிகால் உயர்ந்த காலணி. அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தினமும் ஒத்திகை. அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவர், அவர்தான் தேர்வுக்குழு. செய்தித்தாளை விரித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அம்மா தன் வேலையைச் சொல்லும்போது ‘நாங்க செஞ்சோம்’ என்று சொன்னால், மகள் ஒரு துணிக் கிளிப்பைத் தகர டப்பாவில் போடுவாள். முதல் நாள் டப்பாவில் பதினேழு கிளிப்.

“உன் பேச்சு எப்படி இருக்கு தெரியுமா? நான் கார்ல பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் போடறேன்ல, அப்படி இருக்கு. வண்டி உன்னுது. நீ ஓட்டு” என்றார் கணவர்.

ஒரு வாரத்தில் பதினேழு கிளிப் நான்கானது.

இதற்கிடையில் மருத்துவமனை ஓர் ஆலோசகரை அழைத்து வந்து எல்லோருக்கும் இரண்டு மணி நேர வகுப்பு வைத்தது. சட்டையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். நீங்கள் செய்ததை நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டும், உள்ளே இருப்பதை யாரும் தேடி வந்து எடுக்க மாட்டார்கள் என்றார். கடைசி வரிசையில் அக்கா அதைக் குறித்துக்கொண்டார். இத்தனை வருடமாக உள்ளே இருப்பதைத் தேடி எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர், அந்த ஆள் சொன்னதை அப்படியே நம்பினார் என்பதில் எனக்கு இன்றுவரை எரிச்சல். அந்த ஆலோசகரே தேர்வுக்குழுவிலும் இருந்தார். கூட நிர்வாக அதிகாரி, ஒரு மூத்த மருத்துவர்.

குழு முன்னால் போக வேண்டிய நாள் காலை அக்காவை லிஃப்டில் பார்த்தேன். நன்றாக இருந்தார், உண்மையாகவே. லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். காலணி சத்தம் போடுகிறது என்பதுதான் அவருக்குக் கவலை.

உள்ளே நடந்ததைப் பிறகு அவரே சொன்னார், குழுவுக்குக் குறிப்பெடுத்த தட்டச்சரும் சொன்னார். இரண்டும் ஒத்துப்போயின. முதல் நான்கு நிமிடம் அருமையாகப் பேசியிருக்கிறார். ஒரு கிளிப்கூட விழவில்லை. வண்ணப்பட்டையைப் பற்றிச் சொன்னபோது மூத்த மருத்துவர் தலையாட்டினாராம், முக்கால் மணி நேரம் காத்திருந்த காலம் அவருக்கு நினைவிருந்தது. அப்போதுதான் ஆலோசகர் மஞ்சள் தாள்களைப் புரட்டினார்.

“ஒரு நிமிஷம் மேடம். இந்தப் பட்டை முறையைக் கொண்டுவந்தது உங்க கூட இருக்கிறவர்னு இங்க பதிவாகியிருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அவரே எழுதியிருக்கார்.”

அக்கா அதை மென்று விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். அடுத்தது நனைந்த கோப்புகள். அது எக்ஸ்ரே கிடங்குக்காரர் செய்ததாக இருக்கிறதே என்றார் நிர்வாக அதிகாரி. மூன்றாவதாக எதையோ தொடங்கினார், அதுவும் வேறொருவர் தாளில் இருந்தது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையில் காகிதம் இருக்கிறது, காகிதத்தில் இப்படி இருக்கிறது, அவ்வளவுதான். ஆலோசகர் கடைசியாக அக்காவின் சொந்தப் படிவங்களை எடுத்து, பதினோரு தாளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி, ‘ஒதுக்கப்பட்ட பணிகளைச் செய்தேன்’ என்று மரியாதையாகப் படித்துக் காட்டினாராம்.

ஒரு வாக்கியம் போதும். அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் எழுதிக் காட்டினாலே போதும், நடையைப் பார்த்து நம்பியிருப்பார்கள். ஆனால் படிவத்தின் அடியில் அந்த விதி இருக்கிறது. சொன்னால் ஏழு பேரும் மாட்டுவோம். அக்கா, “ஆமாங்க சார், அவங்களும் இருந்தாங்க” என்றார். மூன்று நிமிடம் மிச்சம் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பதவி பென்சிலுக்குப் போனது.

எனக்கு அன்று மாலையே செய்தி வந்துவிட்டது. நான் அடித்தளத்துக்குப் போகவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிர்வாக அலுவலகத்துக்குப் போய், அது அவர் செய்த வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அன்றிலிருந்து மாடிப்படியில் ஏறி இறங்கினேன், லிஃப்டில் அவரைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று.

அக்கா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை தம்பி என்று கூப்பிட்டுவந்த பென்சிலைச் ‘சார்’ என்று கூப்பிடத் தொடங்கினார். அதுதான் அவருடைய கோபம். ஒரு நாளைக்கு நாற்பது சார். பென்சில் துடித்துப்போய், எப்போதும் போலக் கூப்பிடுங்கள் அக்கா என்று கெஞ்சினாராம். சரிங்க சார் என்றாராம் அக்கா. சாளரம் வைக்கவும் பெஞ்சு போடவும் பென்சில் முதல் வாரமே கையெழுத்துப் போட்டார், இன்னொரு சாவி செய்து அக்காவின் மேசையில் வைத்தார். சாவியை அக்கா எடுக்கவில்லை. பழையபடி கதவுக்கு வெளியே நின்று, அவர் வந்து திறந்த பிறகே உள்ளே போனார்.

மறுபடி மஞ்சள் படிவம் வந்தது. வழக்கம்போல ஆட்கள் கீழே இறங்கினார்கள். கை வலி என்று அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார் அக்கா. அந்த வருடம் மருத்துவமனையில் யாரும் எதையும் வெட்டி முறிக்கவில்லை என்பது போலத்தான் படிவங்கள் மேலே போயின. ஆனால் பென்சிலுக்குப் புதிதாக ஒரு தலைவலி. கண்காணிப்பாளர் என்ற முறையில் அக்காவின் படிவத்தில் அவர் குறிப்பு எழுத வேண்டும். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, காதில் பென்சிலோடு அக்காவின் மேசைக்கே வந்து நின்றார்.

“அக்கா, உங்களைப் பத்தி என்ன எழுதறதுன்னு தெரியல. எழுத நிறைய இருக்கு. எனக்கு எழுத வரல.”

“அன்னைக்குக் குழு முன்னாடி பேச்சு நல்லா வந்துச்சே, சார்?”

ஒரு வருடத்தில் அக்கா கேட்ட முதல் கேள்வி அது. பென்சில் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“பட்டை யோசனை எப்படித் தோணுச்சுன்னு கேட்டாங்கக்கா. எனக்குத் தோணல, அது அக்கா யோசனை, நான் ஒட்டினது மட்டும்தான்னு சொன்னேன்.”

“சொன்னீங்களா?”

“ரெண்டு தடவை சொன்னேன். அந்த ஆலோசகர் சிரிச்சாரு. கூட வேலை பாக்கறவங்களை இப்படி விட்டுக்கொடுக்காம பேசறீங்களே, இதுக்குப் பேருதான் தலைமைப் பண்புன்னு எழுதிக்கிட்டாரு.”

அக்கா தன் வேலையைத் தன்னுடையது என்று சொன்னார், அடுத்தவர் உழைப்பைச் சொந்தம் கொண்டாடுகிறார் என்று குறித்துக்கொண்டார்கள். பென்சில் என்னுடையது இல்லை என்றார், அதற்கு மதிப்பெண் போட்டார்கள். இரண்டு பேரும் சொன்னது ஒரே உண்மை. தட்டச்சர் இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

அக்கா கையிலிருந்த கோப்பைக் கீழே வைத்தார். பிறகு, “படிவத்தை இங்க வச்சிட்டுப் போங்க தம்பி, முதல்ல என் பகுதியை நான் எழுதிக்கறேன்” என்றார். அந்தத் தம்பி என்ற சொல்லைக் கேட்டுப் பென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

மூன்று கோட்டையும் நிரப்பினார். மூன்றாவது கோட்டின் முடிவில் ‘கூடுதல் தாள் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினார். கூடுதல் தாள் நான்கு. பதினோரு வருடம் அதில் இருந்தது. ஒவ்வொரு வேலையையும், எந்த மாதம், ஏன், எப்படி என்று எழுதி, யார் உதவினார்கள், எந்த அளவு என்பதையும் விடாமல் எழுதியிருந்தார். கடைசித் தாளில் இருந்தது இது: ‘இவற்றில் சில, மற்றவர்களின் படிவங்களில் வேறுவிதமாகப் பதிவாகியுள்ளன. அவ்வாறு எழுதும்படி அவர்களை வற்புறுத்தியவள் நான். தவறு என்னுடையது.’ அதன் கீழே, கண்காணிப்பாளர் குறிப்புக்கான இடத்தில், யாரிடமோ பேனா வாங்கிப் பென்சில் தன் கோணல் கையெழுத்தில் எழுதினார்: ‘மேலே உள்ளது உண்மை. பட்டை அக்காவின் யோசனை. ஒட்டியது நான்.’ அலுவலகப் படிவத்தில் அக்கா என்று எழுதிய முதல் அதிகாரி அவராகத்தான் இருப்பார்.

நிர்வாக அலுவலகத்தில் இதைப் படித்து விழித்தார்கள். நல்ல வேளையாகவோ என்னவோ, அப்போதுதான் புதுக் கட்டடம் திறக்க இருந்தார்கள். அங்கே தனியாக ஒரு பதிவறை, அதற்குத் தனியாக ஒரு கண்காணிப்பாளர். இனிமேல் பத்து நிமிடப் பேச்செல்லாம் வேண்டாம், இந்த நான்கு தாளில் இருப்பது உண்மைதானா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மூத்த மருத்துவர் சொன்னாராம். பெயர் குறிப்பிட்ட ஏழு பேருக்கும் கடிதம் போனது. ‘மேற்படி விவரம் சரியா? தங்கள் கையெழுத்தில் பதில் தரவும்.’

மற்ற ஆறு பேரும் மூன்று நாளில் பதில் எழுதிவிட்டார்கள். லிஃப்ட்காரருக்குக் கடிதமே போகவில்லை, அவருடையது இரவல் இல்லை. ஆனாலும் அவர் தானாகவே ஒரு தாளில் ‘எனக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான்’ என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன்.

என் கடிதம் என் மேசை இழுப்பறையில் ஒன்பது நாள் கிடந்தது. ஆம் என்று எழுதினால் என் படிவம் பொய்யாகிவிடும். அந்தப் படிவத்தில்தான் என் நாற்காலி நின்றுகொண்டிருந்தது. ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. அக்கா ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நடைவழியில் எதிர்ப்பட்டால், என்ன அண்ணா, சாப்பிட்டாச்சா என்பார், அவ்வளவுதான். நினைவூட்டுக் கடிதம் ஒன்று வந்தது. பத்தாம் நாள் காலை லிஃப்டில் ஏறி அடித்தளத்துக்குப் போனேன்.

எதற்குப் போனேன் என்பதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அந்தப் பதிலை எப்படி எழுதுவது என்று தெரியாமல், அவரிடமே எழுதி வாங்கப் போனேன். எனக்கும் பாதகம் வராமல், அவருக்கும் பாதகம் வராமல் பூசி மெழுகி மூன்று வரி. பழக்கதோஷம். எதிரே உட்கார்ந்து, கடிதத்தை மேசைமேல் வைத்து, வாயைத் திறந்த பிறகுதான் நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அக்கா திட்டவில்லை. கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“இதை நீங்களே எழுதுங்க அண்ணா. நான் கோப்பு அடுக்கிட்டு வரேன்.”

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டார். நான் அந்தத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சாளரத்துக்கு வெளியே, புதுப் பெஞ்சில், யாரோ ஒருவர் தன் அப்பாவின் கோப்புக்காகக் காத்திருந்தார். என்னைப் பற்றி நானே எழுத உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வியர்த்துவிட்டது. இரண்டு வாக்கியம்தான் வந்தது. ‘உலர்த்தும் அறையின் பூட்டைத் திறந்தது நான். மற்றதெல்லாம் அவர் செய்தது.’

என் நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். புதுக் கட்டடத்தின் சாவி அக்காவிடம் போனது, பன்னிரண்டு வருடம் அங்கே இருந்து ஓய்வு பெற்றார். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அவர் திரும்பி வந்து என் தாளை எடுத்து, நின்றபடியே படித்தார். ஒருவேளை போதவில்லையோ, இன்னும் தெளிவாக ஒப்புக்கொள்ள வேண்டுமோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“இது சரியா இல்லையே அண்ணா. அன்னைக்குக் காய வைக்க இடம் கேட்டு மூணு பிரிவுக்குப் போனேன். எல்லாரும் மேலிடத்து உத்தரவு வேணும்னாங்க. நீங்க ஒருத்தர்தான் எதுவும் கேக்காம சாவியை எடுத்துட்டு முன்னாடி ஓடினீங்க” என்றார். பேனாவை மறுபடி என் கையில் கொடுத்தார். “‘உடனே’ திறந்தேன்னு போடுங்க.”